கல்யாணப் பத்திரிகையில் பாஸானவன்

நம் குடும்ப வரலாற்றின் மிக முக்கியமான முடிவு, ஆடி முடிந்த மறுநாள், கூடத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே ஒருமனதாக எடுக்கப்பட்டது. உன் தங்கையின் கல்யாணப் பத்திரிகையில் உன் பெயருக்குப் பின்னால் பி.இ. என்று போடுவது என்பதே அந்த முடிவு. அணையில் தண்ணீர் திறப்பதற்குக்கூட அவ்வளவு ஆலோசனை நடந்திருக்காது. மாப்பிள்ளை வீட்டார் அனுப்பிய பெயர்களில் ஒன்றுகூடப் பட்டமில்லாமல் இல்லை. நம் பக்கத்தில் பெண்ணின் அண்ணன் பெயர் மட்டும் மொட்டையாக நின்றால் பந்தலே சரிந்துவிடும் என்று உன் பெரியப்பா கவலைப்பட்டார். தன்னை மிராசுதார் என்று போடச் சொன்னவர் அவர். அவர் உழுவது முழுக்கக் கோயில் நிலத்துக் குத்தகை. என் தம்பி, உன் மாமா, அரசு ஒப்பந்ததாரர் ஆனார்; எப்போதோ ஒரு மதகு கட்ட மணல் அடித்துக் கொடுத்தவர். இந்தப் பொய்களால் இன்றுவரை யாருக்கும் கெடுதல் வந்ததில்லை. மிராசுதார் என்று அச்சானதால் பெரியப்பா எந்தத் தேர்வுக்கும் போக முடியாமல் ஆகிவிடவில்லை.

நீ அப்போது கடைசி செமஸ்டர் எழுதிவிட்டு வந்திருந்தாய். மூன்று தாள் பாக்கி. வாசற்படி ஓரம் நின்றபடி, "மாமா, நான் இன்னும் வாங்கலையே" என்றாய். மாமா பத்திரிகை மாதிரிகளிலிருந்து தலையைத் தூக்காமலே, "வாங்கப்போறதத்தானடா மாப்ள போடுறோம். மணமகன், மணமகள்னும்தான் போட்டிருக்கு. தாலி கட்டியாச்சா?" என்றார். கூடமே சிரித்தது. நீயும் சிரித்தாய். ஒரு ஆட்சேபத்துக்கு எல்லாரும் சிரித்து முடித்த பிறகு அதை மறுபடி கிளப்புவது நம் பக்கத்தில் மரியாதைக் குறைவு. அந்த மரியாதையை உனக்குக் கற்றுக்கொடுத்தவர்களும் நாங்கள்தான். வேலைக்காலம் முழுவதும் குடவாசல் கிளை நூலகத்தில் கழித்தவள் என்பதால் புரூப் பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஒரு சித்தப்பாவின் இனிஷியல் மாறியிருந்தது. உன் பட்டத்தில் கடைசிப் புள்ளி விடுபட்டிருந்தது. இரண்டையும் திருத்தி அனுப்பினேன்.

அதுவரை நீ அரியர் வைத்திருந்த மாணவன். கும்பகோணத்து அச்சகத்திலிருந்து கட்டு வந்து இறங்கியதும் பட்டதாரி ஆகிவிட்டாய். பட்டதாரிக்குப் பாடப் புத்தகத்தோடு என்ன வேலை? கல்யாணத்துக்கு வந்தவர்கள் கண்ணில் பட வேண்டாமென்று உன் அப்பா உன் புத்தகங்களை அலமாரியிலிருந்து எடுத்து நெல் மூட்டைகளுக்குப் பின்னால் வைத்தார். கல்யாணம் முடிந்த பிறகும் அவை அங்கேயே இருந்தன. நீ மோட்டார் கொட்டகைக்குப் போய்ப் படித்துப் பார்த்தாய். தண்ணீர் பாய்ச்ச வந்தவர்கள், "இஞ்சினியர் தம்பி, இந்த மோட்டரு ஏன் தண்ணி இழுக்க மாட்டேங்குது, கொஞ்சம் பாருங்களேன்" என்று உன்னிடம் கேட்டார்கள். பம்புகள் பற்றிய பாடம் உன் மூன்று பாக்கிகளில் ஒன்று. நீ எழுந்து போய்ப் பம்பைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஃபுட்வால்வு கெட்டுவிட்டது என்று சொன்னாயாம். கோளாறு ஃபுட்வால்வில் இல்லை.

உன் தோல்வியை நான் குறைத்துச் சொல்லப்போவதில்லை. தமிழில் கணக்குப் போட்டு மாவட்டத்தில் பேர் வாங்கிய பையன், முதல் வருட வகுப்பில் ஆங்கிலத்தில் ஓடிய கணக்கைத் தெரியாத ஊர் பஸ்ஸைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். கையைத் தூக்கிக் கேட்க வெட்கம். பக்கத்தில் இருந்தவனுக்கும் அதே வெட்கம். உங்கள் கல்லூரியில் மனவுறுதி பற்றிப் பேச ஒருவரை வரவழைத்தார்கள் என்றும், எல்லாரையும் எழுந்து நின்று "என்னால் முடியும்" என்று கத்தச் சொன்னார் என்றும் ஒருமுறை சொன்னாய். அரங்கத்தில் இடம் போதவில்லை என்று அரியர் வைத்திருந்தவர்களை மட்டும் அன்றைக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள். மரத்தடியில் உட்கார்ந்து மற்றவர்கள் கத்துவதைக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். அந்தத் தோல்வி நீ நான்கு வருடம் கஷ்டப்பட்டு அடைந்தது. அதைச் சரிசெய்யும் உரிமையும் அதோடு சேர்ந்து உனக்கு வந்திருக்க வேண்டும். விழுந்தவன் எழுந்திருக்கலாம். விழவே இல்லை என்று ஊர் முழுக்கப் பத்திரிகை வைத்துவிட்டால் எங்கிருந்து எழுந்திருப்பது?

அந்தக் கார்த்திகையில் கணிதத் தாள் எழுதத் தஞ்சாவூர் கிளம்பினாய். குடவாசல் பஸ் ஸ்டாண்டில் சம்பந்தி நின்றார். திருத்துறைப்பூண்டியில் உரக்கடை வைத்திருக்கிற, எறும்புக்கும் தீங்கு நினைக்காத மனிதர். எங்கே என்று கேட்டார். இன்டர்வியூ என்றாய். வேறு என்ன சொல்ல முடியும்? பட்டதாரி போகக்கூடிய இடம் அது ஒன்றுதான். "நம்ம வீட்டுப் புள்ள இன்டர்வியூக்குத் தனியாவா போறது? நானும் வர்றேன் தம்பி" என்று அவர் தன் வேலையை விட்டுவிட்டு உன்னோடு ஏறிவிட்டார். தேர்வு மையம் பைபாஸ் ஓரத்துக் கல்லூரி. அதன் மதிலுக்கு இந்தப் பக்கம் ஒரு டிராக்டர் ஷோரூம். கல்லூரி வாசலில் பலகையில் தேர்வு நம்பர் பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்தைக் கடந்து, ஷோரூமைக் காட்டி, இதுதான் கம்பெனி என்றாய். அவர் எதிரே டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, பயப்படாமல் போ என்று கையசைத்தார். நீ உள்ளே போனாய்.

தேர்வு நடந்த நேரம் முழுவதும் நீ புது டிராக்டர்களுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். விற்பனைப் பையன் எத்தனை ஏக்கர் என்று கேட்டான். ஏதோ சொன்னாய். குதிரைத்திறன், சேற்றுச் சக்கரம், சுழல் கலப்பை எல்லாம் விளக்கினான். மதிலுக்கு அந்தப் பக்கம் மணி அடித்தபோது தாள் கொடுத்துவிட்டார்கள் என்று தெரிந்ததாம். கடைசி மணிக்குப் பிறகு காலண்டர் ஒன்றை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாய். என்ன சொன்னார்கள் என்று சம்பந்தி கேட்க, தெரிவிக்கிறோம் என்றார்கள் என்றாய். அடுத்த மாதம் நம் வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரும் உனக்குத் தைரியம் சொன்னார்கள். ஒரு இன்டர்வியூ போனால் போகிறது, உன் திறமைக்கு இன்னொன்று வரும் என்றார்கள். நடக்காத இன்டர்வியூவில் தோற்றதற்கு மூன்று ஊர் ஆறுதல் சொன்னது. எழுதாத தேர்வுக்கு ஆறுதல் சொல்ல ஒருவருக்கும் வாய்ப்பில்லை. இதை நீ என்னிடம் வருடங்கள் கழித்து வேடிக்கைக் கதையாகப் போனில் சொன்னாய். நன்றாகத்தான் சொன்னாய். நானும் சிரித்தேன்.

உன் வகுப்பிலேயே படித்த அன்வருக்கு எட்டுத் தாள் பாக்கி இருந்தது. அவன் அப்பா கடைத்தெருவில் மளிகை வைத்திருப்பவர், வாய்க்குப் பூட்டு இல்லாதவர். ரிசல்ட் வந்த அன்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், "எட்டுல கோட்ட விட்டுட்டு வந்து நிக்கிறான் பாருங்க, இவன்கிட்ட மொளகா நிறுக்கச் சொன்னா மல்லி நிறுப்பான், பாத்து வாங்குங்க" என்று அறிவித்தார். எவ்வளவு கொடூரமான தகப்பன் என்று நான் நூலகத்தில் உட்கார்ந்து வருத்தப்பட்டேன். ஆனால் அதற்குப் பிறகு அன்வர் கல்லாப்பெட்டி மேலேயே புத்தகத்தை விரித்து வைத்துப் படித்தான். புளி வாங்க வந்தவர்கள் கிரிக்கெட் ஸ்கோர் கேட்பதுபோல "இப்ப எத்தன பாக்கி?" என்று கேட்டார்கள். ஆறு என்றான், ஐந்து என்றான். ஒருமுறை மறுபடி ஆறு என்றான், அதற்கும் கடையில் சிரித்தார்கள். பிறகு ஒருநாள் ஒன்றுமில்லை என்றான். அவன் இன்றைக்கும் அதே கடையில்தான் இருக்கிறான். பட்டம் அவன் தலையெழுத்தை மாற்றியது என்று உன்னிடம் நான் சொல்ல மாட்டேன். ஒரு வேலையை முடித்தவனின் முகம் அவனுக்கு இருக்கிறது, அவ்வளவுதான்.

உன் அப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் சொல்ல மாட்டார். நீ டிராக்டர் பார்த்த மறு வருடம் அடைமழையில் சம்பா முழுகியது. தண்ணீர் வடிந்ததும் அவர் அழுகிய பயிரைப் பிடுங்கி ஈரச்சாக்கில் கட்டி, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குத் திருவாரூர் கொண்டுபோய் கலெக்டர் ஆபீஸ் வாசலில் தூக்கிப் பிடித்தார். கண்ணீரில் பாதி அவருடையது. மீதி போட்டோகிராபர் கேட்டது. வி.ஏ.ஓ. வந்தபோது மோசமான வரப்பாகப் பார்த்து அழைத்துப்போய், "இங்கயும் பாருங்க சார், இதுவும் போச்சு" என்று காட்டினார். கொஞ்சம் பிழைத்திருந்த பக்கம் அழைத்துப் போகவே இல்லை. கணக்கு எடுத்து முடிந்ததும் ஓரத்தில் விட்டு வைத்திருந்த நாற்றைப் பிரித்து, செத்துப்போன இடங்களில் ஊன்றினார். விளைச்சல் கூலிக்குக்கூடக் காணாது என்று அவருக்குத் தெரியும். காலியாக விட்டால் கோரை ஏறிவிடும், அடுத்த வருடம் அதையும் சேர்த்துப் பிடுங்க வேண்டும் என்றார். இந்த டெல்டாவில் பயிர் அழுகினால் மாவட்டத்துக்கே காட்டுகிறோம். பிள்ளை தேறவில்லை என்றால் மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறோம். நஷ்டத்தைக் காட்டியவனுக்குத்தான் நிவாரணம் என்ற எளிய விதி, வயலில் தெரிந்த அளவுக்கு வீட்டுக்குள் எங்களுக்குத் தெரியவில்லை.

பிறகு நீ திருப்பெரும்புதூர் போனாய். அங்கே ஒரு தொழிற்சாலையில் இஞ்சினியரிங் படித்தவர்களை உற்பத்தி லைனில் எடுப்பதில்லை. அதிகம் படித்தவன் நிலைக்க மாட்டான் என்று நினைக்கிறார்கள். அதனால் பிளஸ் டூ மட்டும் என்று சொல்லிச் சேர்ந்தாய். இப்படியாக ஊரில் வாங்காத பட்டத்தோடும், வேலை செய்யும் இடத்தில் படித்த படிப்பு இல்லாமலும் இருந்தாய். படித்து, தோற்று, பாக்கி வைத்திருக்கும் அந்த உண்மையான ஆளுக்கு இரண்டு ஊரிலும் இடம் இல்லை. தீபாவளிக்கு வந்தால் இரண்டாம் நாளே கிளம்பிவிடுவாய். லீவு இல்லை என்பாய்.

இந்த வருடம் பல்கலைக்கழகம் பழைய பாக்கிக்காரர்களுக்குக் கடைசியாக ஒரு வாய்ப்பு என்று அறிவித்தபோது நான் உனக்குப் போன் செய்தேன். நீ சிரித்துக்கொண்டே, "எதுக்கும்மா, அதான் பத்திரிகையிலயே பாஸாயிட்டேனே" என்றாய். அதில் கோபம் இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நான் விடவில்லை. கடைசியில், "அப்ளை பண்ணிடுறேன். வருவேனான்னு மட்டும் கேக்காத" என்றாய். மூன்று தாளுக்கும் விண்ணப்பித்தாய். புத்தகங்களை நான் மூட்டைக்குப் பின்னாலிருந்து எடுத்து, எலி கடித்த ஓரங்களை வெட்டி, பார்சலில் அனுப்பினேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். வழியில் யார் கண்ணிலாவது பட்டு மறுபடி டிராக்டர் கடைக்குப் போய்விடுவாயோ என்ற பயத்தில், நான் திருத்துறைப்பூண்டிக்குப் போனேன். உரக்கடையில் வைத்தே சம்பந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பத்திரிகை, புத்தகங்கள், அந்த இன்டர்வியூ. அவர் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தவர் துணியைக் கீழே வைத்துவிட்டார். "பக்கத்துலதான சம்பந்திம்மா சென்டர் இருந்துச்சு. நான் அங்கனயேதான டீக்கடையில குந்தியிருந்தேன். ஒரு வார்த்த சொல்லியிருந்தா கையப் புடிச்சுக் கொண்டுபோய் விட்டிருப்பேனே" என்றார். பட்டம் இல்லாதது அவருக்கு ஒரு செய்தியாகவே படவில்லை. டீக்கடையில் உட்கார்ந்திருந்ததுதான் அவர் மனதை அறுத்தது. இந்த முறை தானே மோட்டார் சைக்கிளோடு தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் நின்று உன்னை ஏற்றிக்கொண்டு போவதாகச் சொன்னார். நான் மகிழ்ச்சியில் முந்தின நாள் உனக்குப் போன் செய்து, சம்பந்திக்கு எல்லாம் தெரியும், அவரே வந்து நிற்பார் என்று சொன்னேன். சரிம்மா என்றாய்.

முதல் தாள் கணிதம். அவர் விடிவதற்கு முன்பே வந்து, சென்னைப் பக்கத்திலிருந்து வரும் ஒவ்வொரு பஸ்ஸின் படிக்கட்டையும் பார்த்துக்கொண்டு நின்றார். தேர்வு தொடங்கிய பிறகும் நின்றார், பஸ் லேட்டாக இருக்கலாம் என்று. நீ வரவில்லை. அவர் முகத்தில் எப்படி விழிப்பது என்றுதான் வரவில்லை என்று பிறகு சொன்னாய். பொய் சொன்ன நாளில் உன்னைத் தேர்வுக்குப் போகாமல் தடுத்தோம். உண்மையைச் சொன்ன நாளிலும் அதையே செய்தோம். எனக்கு இதில் ஏதாவது தத்துவம் கிடைக்குமா என்று தேடினேன். என் நூலகத்தில் இருந்த எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அன்று மதியம் சம்பந்தி உன்னைத் தானே அழைத்தார். என்ன பேசினார் என்று நீதான் சொன்னாய். திட்டவில்லை, தேர்வைப் பற்றியும் பேசவில்லை. "தம்பி, ஒரு டிராக்டர் வாங்கலாம்னு இருக்கேன். நம்ம ரெண்டு குடும்பத்துலயும் அதப் பத்தி வெவரம் தெரிஞ்சவரு நீங்கதான். எந்தக் கம்பெனி நல்லதுன்னு சொல்லுங்க" என்றாராம். நீ போனைப் பிடித்துக்கொண்டு அறை வாசலில் உட்கார்ந்துவிட்டாய். அன்றிரவு பஸ் ஏறினாய். ஒருநாள் விட்டு இரண்டாவது தாள், பிறகு மூன்றாவது. இரண்டு நாளும் அவர் வண்டியில் போனாய். திரும்பி வரும்போது கால்குலேட்டரும் ஸ்கேலும் கையில் தெரிய நம் தெரு வழியாக நடந்து வந்தாய். எதிர்வீட்டில் பார்த்தார்கள். பார்த்துவிட்டுத் துணி உலர்த்தப் போனார்கள்.

நீ இரண்டாவது தாள் எழுதிய அன்று வாய்க்கால் கரையில் மேலத்தெருக்காரர் ஒருவர் உன் அப்பாவிடம், பையன் வந்திருக்கிறானே, என்ன விசேஷம் என்று கேட்டிருக்கிறார். அப்பா மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே இருந்தாராம். கழுவ மண் இல்லாமல் போன பிறகு, "பரீட்ச எழுத வந்திருக்கான். காலேஜ்ல ஃபெயிலு" என்றிருக்கிறார். அத்தனை வருடத்தில் முதல்முறையாக. அந்த மனிதர், "நம்ம மூத்தவனும்தாண்ணே. நாலு பேப்பரு. வெளியில சொல்லிக்கிறதில்ல" என்றாராம். அப்பா வீட்டுக்கு வந்து இதை என்னிடம் சொன்னார். அந்த மூத்தவனின் கல்யாணத்துக்கு நாம் போயிருக்கிறோம். பி.இ. என்றுதான் போட்டிருந்தது.

மூன்றாவது தாள் முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது, "ஒண்ணு போனப்பறம் ரெண்ட எதுக்கும்மா எழுதினேன்?" என்று கேட்டாய். ரசம் ஊற்றினேன். நீ போன பிறகு யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். பட்டத்துக்கு அதனால் பயனில்லை என்பது எனக்குத் தெரியும். பயனுண்டு என்று சொன்னால் நான் இன்னொரு பத்திரிகை அடிக்கிறேன் என்று அர்த்தம். திருப்பெரும்புதூரிலும் உண்மையைச் சொல்லிவிடு என்று சொல்லும் துணிச்சலும் எனக்கு இல்லை. வேலை போய்விடும், சாப்பிட வேண்டும். என்னிடம் இருப்பது சின்ன விஷயம். இனி எதில் தோற்றாலும் அன்றைக்கே, முதலில் எதிர்ப்படுகிறவனிடம் சொல்லிவிடு. அவன் சிரிப்பான். சிரித்துவிட்டுப் போய்விடுவான். பிறகு உன்னிடம் உன் தோல்வியும் ஒரு மேசையும் இருக்கும். உட்கார்ந்து வேலையைத் தொடங்கலாம். நாளைக்கு உன் பிள்ளை வாசற்படியில் நின்று "இன்னும் வாங்கலையே" என்று சொன்னால், கூடத்தில் யார் என்ன நகைச்சுவை சொன்னாலும் நீ சிரிக்காதே. அந்த ஒரு நிமிடம் சிரிக்காமல் இருப்பதுதான் தகப்பனுடைய வேலை. மற்றதைப் பிள்ளை பார்த்துக்கொள்ளும்.

இதை உறையில் போட்டு ஒட்டி அனுப்பாமல் எல்லாரும் படிக்கும்படி அச்சுக்குக் கொடுக்கலாமா என்று உன்னிடம் கேட்டேன். "போட்டுக்கம்மா, எம் பேர் மட்டும் வேணாம்" என்றாய். ஒட்டி அனுப்பினால் இதுவும் மூட்டைக்குப் பின்னால் போய்ச் சேரும் என்ற பயம்தான் எனக்கு. மேலத்தெரு மூத்தவனும் படிக்கட்டும். படிக்க வெட்கமாக இருந்தால் குடவாசல் நூலகத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து படிக்கலாம், அங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இதுவரை எழுதி வைத்திருந்தேன். இன்று காலை ரிசல்ட் வந்தது. உன் அப்பா பதிவெண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்ல நான் போனில் அழுத்திப் பார்த்தேன். தெர்மோடைனமிக்ஸ், தேர்ச்சி. பம்புகள் பாடம், தேர்ச்சி. கணிதத்துக்கு நேரே 'வரவில்லை' என்று இருக்கிறது.